அன்ரி கேட்ட படம்

படம் பார்ப்பது என்று பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் இருக்கலாம். ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரத்தைத் தாண்டித் தன்னாமுனை வரைக்கும், என் சைக்கிள் போன ஒழுங்கைகளில், படத்தைக் கேட்டார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, "நேத்து படம் கேட்டியாகா?" என்பாள். இந்தப்பக்கம் இருப்பவள், "இல்லகா, நான் வட்டைக்குப் போயிற்றன். எனக்கு இடைவேளையோட நிக்கிது" என்பாள். நெல் வயலுக்குப் போன நேரத்தில் படம் தவறிப்போனதே என்ற கவலை அவள் முகத்தில் இருக்கும். சொன்னவன் நான். மீன் விற்றவனும் நான்தான்.

சண்டைக் காலத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. தியேட்டர் நகரத்தில். பெண்கள் அங்கே போய்வர வேண்டுமென்றால் வழியில் எத்தனை சென்றிப் பொயின்ற்! எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டால், படம் பார்க்க என்று சொன்னாலும் நம்பமாட்டான். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டியைத் திறந்து காட்டு என்பான். திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கையைக் காட்டுவான். காலையில் மீனை விற்றுவிட்டு, அதே உடுப்போடு பகல் காட்சிக்குப் போய்க் குந்துவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறிடம் பார்ப்பார்கள். நீளப் பலகை வாங்கு முழுக்க எனக்கு. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு படம் பார்த்தவன் அந்தத் தியேட்டரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதலில் மீன் விற்பதற்காகத்தான் படம் சொன்னேன். பிறகு படம் சொல்வதற்காக மீன் கொண்டு போகவேண்டி வந்தது. சைக்கிள் மணி கேட்டதும் சட்டியோடு வருகிற பெண்கள் என்ன மீன் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "மறுகா?" என்பார்கள். அவ்வளவுதான். அதாவது, அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடந்தது, அவன் வந்தானா, அந்தப் பாழ்படுவான் பிடிபட்டானா என்று அர்த்தம். நான் ஒரு கையால் தராசைப் பிடித்தபடி மற்றக் கையால் வில்லனை அடிப்பேன்.

படத்தின் பெயர் யாருக்கும் வேண்டியதில்லை. எந்த மீன் மலிந்த காலத்தில் சொன்னேனோ அந்த மீனின் பெயர் படத்துக்கு ஒட்டிக்கொள்ளும். திரளிப் படம், சூடைப் படம், கணவாய்ப் படம். "அவட மாமியார் திரளிப் படத்து மாமியார்தான், அசல்" என்று ஒருத்தி சொன்னால் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஊரடங்கு போட்டு நான் வராமல் விட்டால், "படம் அறுந்திற்று" என்பார்கள். தியேட்டரில் றீல் அறுந்தால் விசில் அடிப்பார்கள். இங்கே அடுத்த நாள் எனக்குத் திட்டு விழும்.

அதோடு, எல்லாப் படமும் எங்கள் வாவிக்கரையில்தான் நடந்தது. பட்டணத்துத் தெருவை நான் எங்கே கண்டேன், அவர்கள் எங்கே கண்டார்கள்? கதாநாயகன் கல்லடிப் பாலத்தால் வந்தான். வில்லனின் கார் ஏறாவூர்ப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பாட்டுக்குச் சவுக்கந்தோப்பு. சண்டைக்கு மீன் சந்தை. எந்த வீட்டில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்று பார்த்துப் படத்துக்கு ஆட்களையும் கூட்டிக்கொள்வேன். கேட்கிறவர்கள் அதற்கென்று கூடுதலாக ஒன்றும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. தொழில் அப்படி.

நகரத்துக்கு வெளியே, வாவி கடலில் விழுகிற பக்கம், போர்த்துக்கேயர் வழியில் வந்த பறங்கியர் வீடுகள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒரு வீட்டு அன்ரிதான் என் முதல்தரமான ஆள். மீனை வாங்கி, கிணற்றடியில் குந்தி, செதிலைச் சுரண்டிச் சுரண்டிக் கேட்பா. கத்தி நின்றுவிட்டால் கதை பிடித்துவிட்டது என்று நான் விளங்கிக்கொள்வேன். ஊர்ப்புதினம் முழுக்கத் தெரிந்த தையல்காரி ஒருத்தியை அன்ரிக்காகவே எல்லாப் படத்திலும் போட்டு வைத்திருந்தேன். அவளுடைய வாய் அன்ரியின் வாய்தான். அன்ரிக்கு அது தெரியவில்லை. "என்ன வாய் பாரு அவளுக்கு" என்று சிரிப்பா.

அவவுடைய புருசன், நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், தச்சு வேலை. அலுமாரியும் கதவும் செய்வார். வயலின் பிழைபட்டாலும் திருத்துவார். முற்றத்தின் மறுபக்கம் அவருடைய கொட்டில். கலியாணம் முடித்த புதிதில் ஒரு தடவை தியேட்டருக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்கியவராம். அதற்குப் பிறகு போகவில்லை. நான் படம் சொல்லும்போது சீவுளியை நிறுத்தாமல் அங்கிருந்தே கத்துவார்.

"பொய்! முழுப் பொய்! ஒருத்தன் எப்பிடிப் பத்துப் பேர அடிக்கிற? மற்ற ஒம்பது பேரும் வரிசையில நிண்டவங்களா, சங்கக்கடையில அரிசிக்கு நிக்கிற போல?"

"நீங்க பலகையப் பாருங்க" என்பா அன்ரி.

"நான் பலகையத்தான் பாக்கிறன். காது சும்மாதானே கிடக்கு."

அந்த வருடம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை நெருங்கிய கிழமை, நான் சொல்லிக்கொண்டிருந்தது மணலைப் படம். பஸ் கொண்டக்டர் ஒருவனும் அவன் கலியாணம் முடிக்கப் போகிற பெட்டையும். பெட்டைக்கு நெஞ்சில் வருத்தம். இடைவேளையில் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, மீதியை நத்தார் கழித்துச் சொல்கிறேன் என்று பெட்டியை மூடினேன்.

"அவள் சாவாள்" என்றா அன்ரி. "இருமின இருமலப் பாத்தாலே தெரியுது."

கொட்டிலில் சீவுளி நின்றது. "சாகமாட்டாள். அவள் செத்தா மறுகா ஆரோட பாட்டுப் பாடுற அந்தக் கொண்டக்டர்? டிறைவரோடயா?"

"பந்தயமா?"

"பந்தயம்!"

இரண்டு பேரும் என்னைச் சாட்சி வைத்தார்கள். பெட்டை செத்தால் அன்ரிக்கு வெற்றி: நான் படம் சொல்லும்போது இனிமேல் சாகும்வரை அங்கிள் வாய் திறக்கப்படாது. பெட்டை தப்பினால் அங்கிளுக்கு வெற்றி: அந்த முற்றத்தில் மீன் மட்டும்தான், படம் கிடையாது. பெட்டை தப்புகிறாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நல்ல வாடிக்கை ஒன்று போகப்போகிறது. "நத்தார் முடியட்டும், அங்கிள்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் கடல் வந்தது.

சுனாமி என்ற சொல் எங்கள் வாயில் ஏறப் பிறகும் நாளாகியது. கடல் வந்தது என்றுதான் சொன்னோம், வரக்கூடாத விருந்தாளி வந்ததுபோல. நான் அன்று வாவிக்கு அப்பால், கடலுக்குத் தூரமான படுவான்கரையில், மனைவியின் தமையன் வீட்டில், மனைவி பிள்ளைகளோடு. சைக்கிள் எங்களோடு தப்பியது. வீடு போனது.

பிறகு மீன் விற்பதென்பது இல்லாமல் போயிற்று. கடல் மீனை யார் தின்பார்கள்? அந்தக் கடல் என்ன தின்றது என்று எல்லோருக்கும் தெரியும். வாவி மீனையும் தொடவில்லை. சாளையைக் கண்டாலும் முகத்தைத் திருப்பினார்கள். வெறும் சைக்கிளில் என் ஒழுங்கைகளையெல்லாம் ஒருமுறை சுற்றினேன். சில ஒழுங்கைகளில் மறுகா என்று கேட்பதற்கு ஆளில்லை. இருந்தவர்களை முகாமாக மாறிய பள்ளிக்கூடங்களில் தேடிப் பிடித்தேன்.

அங்கிளை ஒரு வகுப்பறையில் கண்டேன். சின்னப் பிள்ளைகளின் வாங்கில், முழங்கால் நாடியில் இடிக்கக் குந்தியிருந்தார். அன்ரியைச் சவுக்கு மரங்களுக்கு நடுவில் கண்டெடுத்து அடக்கம் செய்ததாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு இந்த வாங்கைச் செய்தவனுக்குப் பொருத்துப் போடத் தெரியாது என்பதைத் தவிர வேறொன்றும் அவர் கதைக்கவில்லையாம். பாதர் வந்து பார்த்தார், கதைக்கவில்லை. உளவளத்துணை என்று ஆட்கள் வந்து கடதாசியும் கலர்ப் பென்சிலும் கொடுத்து மனதில் உள்ளதைக் கீறச் சொன்னார்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

என்னைக் கண்டதும் எழும்பினார். வாங்கும் கூட எழும்பியது.

"மனே, அந்தப் பெட்டை செத்தாளா, தப்பினாளா?"

வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த ஒரு பெண் பிள்ளை அங்கே நின்றது. அங்கிள் வாய் திறந்துவிட்டார் என்ற சந்தோசத்தில் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தது. "யார் அங்கிள் அவ? உங்கட மகளா?"

"இல்லப் புள்ள. கொண்டக்டர் முடிக்கப் போறவ."

"கடைசியா அவவை எங்க கண்டீங்க?"

"இடைவேளையில" என்றார் அங்கிள்.

அந்தப் பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்தி முடித்தபோது அது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போய்விட்டது. ஆனால் அங்கிள் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி மெதுவாகச் சொன்னார். "நத்தாரண்டைக்கும் அதே கதைதான். சோத்துக் கோப்பையோட நிண்டு, அவள் சாவாள், நீங்க வாயப் பொத்தத்தான் போறீங்க எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஆர் வெண்டதெண்டு தெரியாம நான் எப்பிடி இருக்கிற? சொல்லு."

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வசனம்தான். பெட்டை தப்பினாள், நீங்கள் வென்றீர்கள். ஆனால், போய்ச் சேர்ந்த மனிசிக்குத் தோல்வியையும் கொடுத்தனுப்புவதா? "முடிவ மட்டும் சொல்லேலாது அங்கிள், படம் எண்டா முறைப்படி சொல்லணும். நாளைக்குச் சொல்றன்" என்று எழும்பி வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். யோசித்து, அந்தப் பெட்டையைக் கொல்வது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் கொடுத்து முடிந்ததும், பள்ளிக்கூட முற்றத்து வேம்பின் கீழ் தொடங்கினேன். அங்கிளுக்குச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் முகாமில் யாருக்கு என்ன வேலை? பறங்கியரும் தமிழரும் என்று பள்ளிக்கூடம் முழுக்க வந்து குந்திவிட்டது. முதற்பாதியைச் சுருக்கமாகச் சொல்லி இடைவேளைக்கு வந்தேன். கொண்டக்டர் மருந்துக்கு அலைந்தான். பஸ் பழுதானது. தையல்காரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லோரையும் திட்டினாள். கொண்டக்டர் மருந்தோடு ஓடிவந்து கதவைத் திறக்கும்போது பெட்டையின் கை கட்டிலிலிருந்து கீழே தொங்கியது.

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அட நாசமாப் போவானே!" என்று ஒருத்தி எழும்பினாள். "இஞ்ச செத்த ஆக்கள் காணாதெண்டா அவளையும் கொண்டுபோட்டாய்?"

"எழுப்பு அவள! இப்பவே எழுப்பு!"

"அக்கா, படம் முடிஞ்சிற்று" என்றேன்.

"முடிஞ்சா என்ன? நீதானே சொல்றாய், நீயே எழுப்பு!"

அந்த நேரம் பார்த்து ஆரையம்பதிக்காரி ஒருத்தி வாயைத் திறந்தாள். "பொய்யன்! நான் கொழும்பில தங்கச்சி வீட்டில வீடியோக் கசற் போட்டுப் பாத்த படம் இது. அவள் சாகல்ல! ஒப்பரேசன் செஞ்சு, கொழுத்துப்போய்க் கடைசிப் பாட்டும் பாடுறாள்!"

எங்கிருந்தோ ஒரு செருப்பு வந்தது. அதுவும் நிவாரணத்துக்கு வந்த செருப்பு, சோடி இல்லாதது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன்.

அங்கிள் பின்னால் வந்து சைக்கிளின் கரியரைப் பிடித்தார். அவர் ஒரு தடவையும் பொய் என்று கத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு முடிவா கிடக்கு, மனே. எனக்கு அந்தப் படத்தக் காட்டு. என்ட கண்ணால பாக்கணும்."

நகரத்தில் கசற் வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய பூனைக்கு நெத்தலி கொடுக்கிறவன் நான். கடை மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. அடுத்த நாள் காலை அங்கிளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனேன். பாரமான மனிசன். பின்கடையில் ரீவியைப் போட்டுத் தந்தார்கள். அங்கிள் முதலில் ரீவிப் பெட்டியின் மூலைப் பொருத்தைத் தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, குந்தினார்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் போக, "இவன் ஆர்?" என்றார்.

"கொண்டக்டர்."

"கோட்டுப் போட்டிருக்கான்?"

"இதில அவன் லோயர், அங்கிள். நான்தான் கொண்டக்டராக்கினது. லோயரெண்டா எங்கட ஆக்களுக்குப் பிடிக்காது."

"கல்லடிப் பாலம் எங்க?"

"பாலம் வராது."

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மாடிமேல் மாடி கட்டிய ஊர். ஆட்கள் விடுகிற கார் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டளவு. இடைவேளை வந்தது. கடைக்காரர் பிளேன்ரீ தந்தார். அங்கிள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தையல்காரி இன்னும் வரல்லையே?"

நான் என் பிளேன்ரீயை ஊதினேன்.

"மனே, உன்னட்டத்தான் கேக்கிறன். அவ சிரிக்கிற அந்தத் தையல்காரி எங்க?"

"அவ இதில இல்ல, அங்கிள். அது நான் அன்ரிக்கெண்டு போட்டது."

ஆறிப்போன பிளேன்ரீயை அவர் கீழே வைத்தார். இரண்டாம் பாதி ஓடியது. பெட்டை ஒப்பரேசன் செய்து, ஆரையம்பதிக்காரி சொன்னதுபோலவே கொழுத்து, மலையில் நின்று பாடினாள். படம் முடிந்தது. அங்கிளுக்கு வெற்றி. கைகுலுக்குவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "எடு சைக்கிள" என்றார்.

வாவிக்கரை வீதியில் வரும்போது, நிறுத்து என்றார். இறங்கி, தண்ணீரைப் பார்த்து நின்றார். எனக்குப் பயம் வந்தது, பக்கத்தில் போய் நின்றேன். அவரோ கோபத்தில் இருந்தார்.

"அது வேற படம்" என்றார். "பாலமில்ல, கொண்டக்டரில்ல, தையல்காரியில்ல. அந்தப் படத்த அவ கேக்கவேயில்ல. கேக்காத படத்தில எப்பிடிப் பந்தயம் பிடிக்கிற? அவ கேட்ட படம் உன்ட படம். உன்ட படத்தில பெட்டை செத்தாளா இல்லையா?"

"செத்தாள்."

"நீ சொல்லக்குள்ளதானே செத்தாள்? இடையில நீ எழுப்பல்லையே?"

"எழுப்பல்ல அங்கிள். செருப்பால அடிச்சும் எழுப்பல்ல."

"அப்ப அவ வெண்டிற்றா." கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து இதே வேலைதான். ஒரு பந்தயமெண்டாலும் விட்டுத் தரல்ல. பாவம், ஒரு பெட்டையச் சாகடிச்சாவது வெண்டுபோட்டுத்தான் போயிருக்கா."

சிரித்தாரா என்று கேட்டால், ஓம், சிரித்தார். அழுதுகொண்டு சிரித்தார். ரோட்டால் போன திறீவீல்காரன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு மீனும் பையப்பைய விற்கத் தொடங்கியது. முதலில் வாவி மீன், பிறகு கடல் மீன். கிழக்கில் சண்டை ஓய்ந்த காலத்தில் அங்கிளுக்குக் கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு கிடைத்தது. வீட்டைக் கட்டியவர்களை அவர் திட்டிய திட்டு இன்னொரு கதை. எல்லாக் கதவையும் கழற்றித் தானே திரும்பப் போட்டார். முற்றத்தில் கொட்டிலொன்றும் போட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "அவ வெண்டது வெண்டதுதான். வந்து சொல்லு" என்றார்.

பக்கத்துப் புது வீட்டுப் பெண்கள் சட்டியோடு வந்தார்கள். கரண்டும் வந்துவிட்டது, சில வீட்டில் ரீவியும் இருந்தது. ஆனால் பார்த்த படத்தையே எங்கள் ஊர்ப்பக்கம் நடக்கிற மாதிரிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நானும் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். கதாநாயகன் பாலத்தில் வந்தான், வில்லனின் ஆட்கள் வழிமறித்தார்கள். அங்கிள் கொட்டிலில். நான் சற்று நிறுத்தினேன். பொய் என்ற சத்தத்துக்கு என் காது காத்திருந்தது. வரவில்லை. உப்பில்லாத சொதிபோல இருந்தது படம்.

"அங்கிள், ஏதெண்டாலும் சொல்லுங்களன். எனக்குச் சண்டை ஏறுதில்ல" என்றேன்.

அவர் வாயில் விரலை வைத்து, மேலே வானத்தைக் காட்டினார்.

என்ன செய்வது? தனியாகவே சண்டையைப் பிடித்தேன். ஒருவன் விழுந்தான், இருவர் விழுந்தார்கள். கொட்டிலில் சுத்தியல் ஆணியில் பட்டது, மெதுவாக. ஏழாவது ஆள் விழும்போது அடி பலத்தது. பதினைந்தாவது ஆளை நான் வாவிக்குள் எறிந்தேன். அங்கே பலகை பிளந்துவிடும்போல இடித்தது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உதடு பூட்டிக் கிடந்தது. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"சரி, சரி" என்றேன். "மற்ற ஆக்கள் பயந்து ஓடிற்றாங்க."

சுத்தியல் நின்றது. நான் அடுத்த காட்சிக்குப் போனேன்.